தண்ணீர்க் கூட்டத்தில் யாருடைய பெயர்?



ஆடி, ஆவணி மாதங்களில் கிராமங்களுக்கு வேலையாகப் போனால், வாழ்வாதாரக் கடனைப் பற்றியோ பிள்ளைகளின் படிப்பைப் பற்றியோ கதைக்கத் தொடங்குவதற்கு முன்பே தண்ணீர்க் கதை வந்துவிடும். கிணறு அடியைத் தொட்டுவிட்டது. பவுசர் நேற்று வரவில்லை. வந்த நேரத்தில் நான் கூலிக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டார் எங்கள் பரலுக்கும் சேர்த்து வாங்கி வைக்கவில்லை. இவை எல்லாவற்றையும் நாங்கள் 'குடிநீர்ப் பிரச்சினை' என்று ஒரு சொல்லில் எழுதி மாதாந்த அறிக்கையில் போட்டுவிடுவோம். மழை பொய்த்தால் தண்ணீர் இல்லாமல்தானே போகும் என்று வாசிப்பவர்களும் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஒரே ஊரில், ஒரே வரட்சியில், ஒரு வளவில் வாழை பச்சைப்பசேலென்று நிற்கிறது. நாலு வீடு தள்ளி ஒருத்தி ஒரு கான் தண்ணீருக்காக வெய்யிலில் சைக்கிள் உருட்டிக்கொண்டு போகிறாள். இருவருக்கும் மேலே இருந்தது ஒரே வானந்தான். ஆகவே இந்த மாதம் மழையை விட்டுவிட்டுப் பங்கீட்டைப் பற்றிக் கதைப்போம். குறிப்பாக, தண்ணீரை எப்போது, யாருக்கு, எவ்வளவு என்று முடிவு செய்கின்ற கூட்டங்களின் பட்டியலில் எங்கள் பெயர் இருக்கிறதா என்பதைப் பற்றி.

தண்ணீர் ஒரு அதிகாரம் என்பதை எங்களுக்கு யாரும் புத்தகத்தில் சொல்லித்தரத் தேவையில்லை. 2006 யூலையில் திருகோணமலை மாவட்டத்தில் மாவிலாற்று மதகு மூடப்பட்டது. மதகு இருந்தது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில். தண்ணீர் போய்ச்சேர வேண்டிய வயல்கள் சிங்கள, முஸ்லிம், தமிழ் விவசாயிகளுடையவை. மதகைத் திறப்பதற்கென்று விமானத் தாக்குதலும் படை நடவடிக்கையும் தொடங்கின. ஓகஸ்ட் இரண்டாம் வாரத்தில் தண்ணீர் மறுபடியும் பாய்ந்தது. யுத்தம் நிற்கவில்லை. மூதூரின் முஸ்லிம் குடும்பங்கள் கந்தளாய்க்கு ஓடின. மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்றுத் தமிழ்க் குடும்பங்கள் வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடின. ஓகஸ்ட் 4 ஆம் திகதி மூதூரில் பிரெஞ்சு நாட்டுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர் ஊழியர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு வாய்க்காலின் கதவு அவ்வளவு தூரம் போனது.

பிறகு 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்கள். ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முட்கம்பிக்குள். அங்கே இருந்த சகோதரிகள் பலர் இன்றைக்கும் அந்த நாட்களைத் தண்ணீரை வைத்தே ஞாபகப்படுத்துவார்கள். விடியற்காலை வரிசை, வரிசையில் வாளிக்குப் பதில் கல்லை வைத்துவிட்டுப் போவது, மாதவிலக்கு நாளில் ஒரு வாளியை எப்படிப் பிரித்தேன் என்பது. அருவியாறு பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் எந்த நேரத்தில், எந்த வழியால் ஆற்றுக்கு இறங்கலாம் என்று சொல்லும் அதிகாரம் வேறு ஆட்களிடம் இருந்தது.

யுத்தம் முடிந்துவிட்டது. அந்தக் கேள்வி முடியவில்லை. அது இப்போது துப்பாக்கியோடு வருவதில்லை, கடதாசியோடு வருகிறது.

யாழ்ப்பாணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மாரி மழைதான் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிலத்தடி நீராக நிற்கிறது. அந்த நன்னீர் ஒரு கிண்ணம் போல் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உவர்நீர் கனமானது, நன்னீர் இலேசானது. அதனால் இது அதன்மேல் நிற்கிறது. நீரியல் கணக்கு ஒன்று உண்டு: கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும். மறுபக்கமாக வாசித்தால், மேலே ஒரு அடி குறைந்தால் கீழே உப்பு நாற்பது அடி ஏறி வரப் பார்க்கும். முந்தித் துலாவாலும் பட்டையாலும் இறைத்தபோது மனிதனின் முதுகு வலியே ஒரு கட்டுப்பாடாக இருந்தது. இப்போது மோட்டரின் பொத்தானை அமத்திவிட்டுப் போய் ரி.வி. பார்க்கலாம். ஒருவர் தோட்டத்துக்கு இரவிரவாக இறைத்தால், அடுத்த வளவுக்காரியின் குடிநீர்க் கிணறு உவர்க்கிறது. யாரும் யாருடைய வேலியையும் தாண்டவில்லை, ஆனால் களவு நடந்துவிட்டது. இதற்குக் கிராம அலுவலரிடம் முறைப்பாடு கொடுக்கவும் வழியில்லை.

இன்னொன்று நைத்திரேற்று. தோட்டங்களுக்குப் போடுகின்ற யூரியாவும், மலசலகூடக் குழிகளும் கிணற்றோடு கிணறாக இருப்பதும் சேர்ந்து வலிகாமத்தின் பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லைக்கு மேலே கொண்டு போயிருக்கின்றன. இங்கே தாய்மாருக்கு ஒரு விடயம் சொல்ல வேண்டும். அந்த நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அது செறிவாகும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கரைப்பதென்றால் இந்தக் கிணறுகளின் நீர் ஆகாது. குழந்தையின் இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு இந்தப் பயம் வேண்டியதில்லை. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கிணற்று நீரைப் பரிசோதிக்கும் வழியைக் கேளுங்கள்.

சுன்னாகத்துக் கதை உங்களுக்குத் தெரியும். அனல் மின் நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. 2015 அளவில் வீதியோரங்களில் தண்ணீர்த் தாங்கிகள் வைத்து, கிணறுள்ள வீட்டுப் பெண்களும் வாளியோடு வரிசையில் நின்றார்கள். உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரிலில் மின் உற்பத்தி நிறுவனம் மக்களுக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது. நல்லது. ஆனால் நட்டஈடு என்று வந்ததும், கிணறு யாருடையது, உறுதியில் யார் பெயர் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். வாடகைக்கு இருந்த பெண்ணும் அந்த நீரைத்தான் குடித்தாள்.

உறுதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை எடுத்து வாசித்துப் பாருங்கள். எத்தனை பரப்பு, எல்லை என்ன என்று எழுதியபின், கிணற்றில் இவ்வளவு பங்கு, வழி, வாய்க்கால் உரித்து என்று ஒரு வரி வரும். எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்றெல்லாம் கிணற்றைப் பிரித்து எழுதியிருப்பார்கள். சீதன உறுதியென்றால் அந்தப் பங்கு பெண்ணின் பெயரில் இருக்கும். பெண்ணுக்குத் தண்ணீரில் எழுத்திலே பங்கு கொடுத்த ஊர் எங்களுடையது என்று பெருமைப்படலாம். ஆனால் தேசவழமையின் கீழ் அதை விற்கவோ ஈடுவைக்கவோ அவளுக்குக் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். பங்கு அவளுடையது, பேனை அவருடையது.

இந்தப் பெருமை எல்லாப் பெண்களுக்கும் உரியதுமல்ல. கிணற்றுப் பங்கு என்பது காணி உள்ளவர்களின் கதை. சாதியின் பெயரால் கிணற்றுக்கட்டில் கால் வைக்கவிடப்படாமல், யாராவது வந்து அள்ளி ஊற்றும் வரைக்கும் குடத்தோடு காத்துநின்ற பெண்களும் இதே மண்ணில்தான் இருந்தார்கள். எழுத்தாளர் கே. டானியல் 'தண்ணீர்' என்ற பெயரிலேயே ஒரு நாவல் எழுதினார். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தவர்களிடம், பக்கத்துக் கிணற்றில் அள்ளப் போனபோது 'நீங்கள் எந்த ஊர், எந்தப் பகுதி' என்று கேட்டார்களே, அது ஊர் விசாரிப்பதற்காக மட்டும் கேட்ட கேள்வியல்ல என்பது கேட்டவருக்கும் தெரியும், பதில் சொன்னவருக்கும் தெரியும்.

இனி இரணைமடுவுக்கு வருவோம். கனகராயன் ஆற்றை மறித்து 1902 இல் கட்டத் தொடங்கிய குளம் அது. பின்பு பலமுறை உயர்த்தப்பட்டது. கிட்டத்தட்ட 21,000 ஏக்கர் வயல் அதை நம்பியிருக்கிறது. 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியோடு, இரணைமடு நீரைச் சுத்திகரித்துக் குழாய் மூலம் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் ஒப்புதல் பெற்றது. யாழ்ப்பாணத்தின் தேவை உண்மையானது என்பதை மேலே பார்த்தோம். ஆனால் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாமல் பங்கு பிரிக்கிறோம், இதில் குழாயும் போட்டால் எங்கள் வயல் என்னாவது என்று கேட்டார்கள். அதுவும் உண்மைதான். 2013 இல் வாதம் உச்சத்துக்கு வந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் தெரிவான வட மாகாண சபைக்குள்ளும் அது போயிற்று. யாழ்ப்பாணத்தார், வன்னியார் என்று பழைய கதைகள் எல்லாம் கிளம்பின. 1995, 96 இடப்பெயர்வில் வலிகாமத்தாரை வன்னிதான் தாங்கியது என்று ஒருவர் சொல்ல, அப்படியென்றால் இப்போது தண்ணீரும் தாருங்கள் என்று இன்னொருவர் சொல்ல, பத்திரிகைகளுக்கு நல்ல தீனி.

கடைசியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் ஒன்றை வடமராட்சி கிழக்கு, தாழையடியில் அமைப்பதென்று முடிவானது. கடற்றொழிலாளர்களுக்கு அதில் அச்சம் இருந்தது. எதிர்ப்புகளுக்குப் பின் அது கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரக்கூடியது. திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்து பதினான்கு வருடங்கள். அந்தப் பதினான்கு வருடத்துக்குள் 2016, 2017 வரட்சி வந்து போனது. தீவுப்பகுதிப் பெண்கள் சாட்டிக் கிணற்று நீரையும் பிரதேச சபைப் பவுசரையும் பார்த்துக்கொண்டிருந்த கோடைகள் எத்தனை!

இந்தச் சண்டை நடந்த காலத்துப் பத்திரிகைச் செய்திகளை நான் ஒரு பயிற்சிப்பட்டறைக்காகத் திரட்டி வாசித்தேன். கமக்காரர் அமைப்புகளின் சம்மேளனத் தலைவர், பொறியியலாளர், பாராளுமன்ற உறுப்பினர், மாகாண சபை உறுப்பினர், பேராசிரியர் என்று எல்லோரும் பேசியிருந்தார்கள். நான் திரட்டியவற்றில், தீவிலே தண்ணீர் சுமக்கிற ஒரு பெண்ணின் வாக்குமூலமோ, கிளிநொச்சியில் தனியாக வயல் செய்கிற ஒரு பெண்ணின் வாக்குமூலமோ எனக்குக் கிடைக்கவில்லை. இரு பக்கமும் 'எங்கள் மக்கள்' என்றார்கள். சமூகவியல் வகுப்பில் 'மக்கள்' என்ற சொல்லை யாராவது பாவித்தால், எந்த மக்கள் என்று திருப்பிக் கேட்க எங்களைப் பழக்கினார்கள். நான்கு வருடப் படிப்பில் எனக்குக் களத்தில் மிகவும் உதவிய கேள்வி அதுதான்.

கிளிநொச்சிக்குள்ளேயே பாருங்கள். 1958, 1977 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் பல, நீர்ப்பாசனக் காணிக்கு வெளியே மேட்டு நிலங்களில்தான் இருக்கின்றன. அந்தப் பெண்கள் மற்றவர்களின் வயலில் நாற்று நடுகிறார்கள், களை பிடுங்குகிறார்கள். குளம் நிறைந்தால் அவர்களுக்குக் கூலி உண்டு. ஆனால் குளத்துத் தண்ணீரில் ஒரு வாளிக்கும் அவர்களுக்குப் பங்கு எழுதப்படவில்லை. 'இரணைமடு எங்கள் குளம்' என்ற பதாகையை அவர்களும்தான் பிடித்தார்கள்.

நீர்ப்பாசனக் காணி உள்ளவர்களின் நிலையும் எல்லோருக்கும் ஒன்றல்ல. ஒரு சகோதரியின் கதையைச் சொல்கிறேன். பெயர், ஊர் வேண்டாம். கணவரின் பெயரில் மூன்று ஏக்கர் வயலுக்கு அனுமதிப்பத்திரம். கணவர் 2009 மே மாதத்துக்குப் பின் இல்லை. மீள்குடியேறி வந்தபின் காலபோகத்தில் மழையை நம்பி விதைத்தார். சிறுபோகத்தில் தன் காணிக்குத் தண்ணீர் இல்லையென்றே பல வருடங்களாக நம்பியிருந்தார். 'அத்தான்தான் மிஸ் கூட்டத்துக்குப் போறவர். இந்த முறையும் எங்கட பக்கத்துக்குத் தண்ணியில்லையாம் எண்டு வந்து சொல்லுவார். பிறகு ரெண்டு மூட்டை நெல்லு பிள்ளையளுக்கெண்டு கொண்டுவந்து தருவார். நல்ல மனிசன்' என்றார்.

இங்கே சிறுபோகப் பங்கைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். தண்ணீர் குறைந்த போகத்தில் எல்லா வயலையும் விதைக்காமல், குளத்துக்கு அண்மையான ஒரு பகுதியை மட்டும் விதைத்து, மற்றப் பகுதிக் காணிக்காரருக்கும் அதற்குள் பங்கு கொடுப்பது இந்த நாட்டுக் குளங்களில் பழைய வழக்கம். சிங்களத்தில் 'பெத்ம' என்பார்கள். தண்ணீர் உன் வயலுக்கு வராது, ஆனால் தண்ணீர் வரும் வயலில் உனக்கு ஒரு துண்டு உண்டு. மிகவும் நியாயமான ஏற்பாடு. இரணைமடுவிலும் சிறுபோகத்துக்கு இவ்வாறு பங்கு பிரிக்கிறார்கள். அந்தச் சகோதரியின் மூன்று ஏக்கருக்கும் பங்கு வந்தது. அதை அத்தான் தன் பங்கோடு சேர்த்துச் செய்துகொண்டிருந்தார். அவர் கொண்டுவந்த இரண்டு மூட்டையும் அவளுடைய தண்ணீரில் விளைந்ததுதான்.

அத்தானை வில்லனாக்குவது என் நோக்கமல்ல. கூட்டத்தில் பெயர் வாசித்தபோது ஒருவரும் 'அந்தக் காணிக்காரி எங்கே' என்று கேட்கவில்லை. சிறுபோகக் கூட்டத்தை மாவட்டச் செயலாளர் தலைமையில், நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல அபிவிருத்தித் திணைக்களம், கமக்காரர் அமைப்புகள் எல்லாம் கூடி நடத்துகிறார்கள். குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து எத்தனை ஏக்கர், எந்தத் திகதியில் துருசு திறப்பது, எந்தத் திகதியில் பூட்டுவது என்று தீர்மானிக்கிறார்கள். அங்கு கமக்காரர் அமைப்பின் பிரதிநிதிகள் பேசுவார்கள். அமைப்பிலே இருப்பது பட்டியலில் பெயர் உள்ளவர்கள். பட்டியலில் பெயர் அனுமதிப்பத்திரத்தைப் பார்த்து எழுதப்பட்டது. அனுமதிப்பத்திரம் ஆணின் பெயரில். இப்படி ஒன்றோடு ஒன்று கோர்த்த சங்கிலி. எந்தக் கண்ணியிலும் பெண்ணை விலக்கு என்று எழுதியிருக்கவில்லை.

முறைத் தண்ணீர் இரவில் வந்தால் இன்னொரு துன்பம். வாய்க்காலின் கடைசிப் பக்கத்து வயல்களுக்கு நடுச்சாமத்தில்தான் நீர் வந்து சேரும். மேல் வயல்காரர் ஒரு மண்வெட்டி சேற்றை அள்ளி வைத்தால் அதுவும் இல்லை. ஆண்கள் டோர்ச்சோடு வரம்பில் படுத்துக் காவல் இருப்பார்கள். தனித்த பெண் போய் நின்றால் மறுநாள் ஊர் என்ன கதைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? சில இடங்களில் இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து போய்க் காவல் இருக்கிறார்கள். பெண்களின் வயலுக்குப் பகல் முறை தருமாறு கூட்டத்தில் கேட்கலாம் என்று ஒரு தாய் சொன்னார். கேட்பதற்குக் கூட்டத்தில் இருக்கவேண்டும்.

இது எங்களுக்கு மட்டும் உரிய வழக்கென்றும் நினைக்கவேண்டாம். 2023 வரட்சியில் தெற்கே உடவளவை விவசாயிகள் கருகும் வயலோடு வீதிக்கு இறங்கினார்கள். மேலே சமனலவெவ நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இருந்தது; அது மின்சாரத்துக்கு வேண்டும் என்று மின்சார சபை சொன்னது. அமைச்சரவை வரை போய்த்தான் திறந்தார்கள். அதற்கு முன், 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது, இரணைமடுவின் வான்கதவுகளை எப்போது திறந்தார்கள், யார் தீர்மானித்தார்கள் என்ற கேள்வி எழுந்தது. நீர் கூடினாலும் குறைந்தாலும் கேள்வி ஒன்றேதான்.

எலினோர் ஒஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பெண்மணியை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 2009 இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதற் பெண். அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வே நிலத்தடி நீரைப் பற்றியது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பக்கத்தில் ஆளாளுக்கு இறைத்ததால் கடல்நீர் உள்ளே வரத் தொடங்கியது, எங்கள் வலிகாமம் போலவே. அங்கே இறைப்பவர்கள் கூடியிருந்து, அளவைக் குறைக்க உடன்பட்டுக் காப்பாற்றினார்கள். பின்னர் நேபாளத்து வாய்க்கால்களையும் ஆராய்ந்தார். நீரைப் பாவிப்பவர்களே விதிகளை எழுதுகின்ற இடத்தில் அந்த விதிகள் நிலைக்கின்றன என்பது அவர் கண்டது. எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. பாவிப்பவர் என்று யாரை எண்ணுகிறோம்? மோட்டரின் சொந்தக்காரரையா, குடத்தைத் தூக்குபவரையா?

சரி, செய்யக்கூடியவற்றைப் பார்ப்போம். சட்டம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு எதிராக இல்லை.

கமக்காரர் அமைப்புகள் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வருபவை. அவை காணிச் சொந்தக்காரர்களின் சங்கமல்ல, விவசாயத்தைச் சீவனோபாயமாகக் கொண்டவர்களின் அமைப்பு. கமநல சேவை நிலையத்தில் இருக்கும் விவசாயக் காணிப் பதிவேட்டில் சொந்தக்காரர் மட்டுமல்ல, பயிர் செய்பவரும் பதியப்பட வேண்டும். உங்கள் வயலுக்கு எதிரே யாருடைய பெயர் என்று போய்க் கேட்டுப் பாருங்கள். 'பிள்ளை, வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ' என்று கேட்டால், 'நான்தான் வந்திருக்கிறன் ஐயா' என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

அனுமதிப்பத்திரம் இறந்துபோன கணவரின் பெயரில் இருந்தால், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி மனைவிக்கு அந்தக் காணியில் உரிமை உண்டு. பின்னுரித்தாளியாக வேறு ஒருவரின் பெயர் எழுதியிருந்தாலும், மனைவி உயிரோடு இருக்கும்போது அவளைத் தள்ளிவிட முடியாது. மாமனார், மைத்துனர் சொல்வதை மட்டும் கேட்டு விட்டுக்கொடுத்துவிடாமல் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் விசாரியுங்கள். பின்னுரித்து ஒழுங்கில் மகளை விட மகனுக்கு முதலிடம் கொடுத்த 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை 2022 இல் திருத்தப்பட்டுவிட்டது. இது பல அலுவலகங்களிலும்கூட எல்லோருக்கும் தெரியாது.

கணவர் காணாமலாக்கப்பட்ட சகோதரிகளின் நிலை கடினமானது. மரணச் சான்றிதழ் இல்லாமல் காணி வேலை நகராது. அதை எடுக்க மனம் ஒப்பாது. எடுத்தால் தேடுவதை விட்டதாகிவிடும் என்று பதினைந்து வருடத்துக்கு மேலாக எடுக்காமல் இருப்பவர்களை நான் அறிவேன். அவர்களை யாரும் வற்புறுத்தக்கூடாது. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், இறந்தார் என்று சொல்லாமல், காணக்கிடைக்கவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெற வழி செய்தது. அதைக் காட்டி என்னென்ன அலுவல்களைப் பார்க்கலாம் என்பதைப் பிரதேச செயலகத்திலும் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையிலும் கேளுங்கள். சட்ட உதவிக்குப் பணம் கட்ட வசதியில்லாதவர்களுக்காகவே அந்த ஆணைக்குழு இருக்கிறது.

நான் மேலே சொன்ன சகோதரி அந்தச் சான்றிதழையும் உடனே எடுக்கவில்லை. முதலில் பயிர் செய்பவர் என்ற பெயரில் கமக்காரர் அமைப்பில் சேர்ந்தார். சந்தா கட்டிய பற்றுச்சீட்டை என்னிடம் காட்டினார். அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கு இன்னொரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் இருந்தார். ஒன்றும் பேசவில்லையாம். பங்குப் பட்டியல் வாசிக்கும்போது தன் கணவரின் பெயர் வந்ததும் எழுந்து நின்றார், அவ்வளவுதான். அத்தான் திரும்பிப் பார்த்தாராம். அந்தப் போகத்தில் கிடைத்த துண்டை அவர் தானே செய்தார். அத்தானிடமே உழவு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தார்.

வயலில்லாத சகோதரிகளுக்கும் இது பொருந்தும். சமூகக் குடிநீர்த் திட்டம் உள்ள கிராமங்களில் நீர்ப் பாவனையாளர் சங்கம் இருக்கும். பம்பை எத்தனை மணிக்குப் போடுவது, எந்தக் குறுக்குத்தெருவுக்கு முதலில் திறப்பது, கட்டணம் பிந்தினால் எத்தனை நாள் பொறுப்பது எல்லாம் அங்கேதான் தீர்மானம். கூலிக்குப் போகும் பெண்களுக்குக் காலை ஆறு மணிக்கு முன்னோ மாலை ஐந்துக்குப் பின்னோ நீர் வராவிட்டால் குழாய் இருந்தும் இல்லாததுதான். பவுசர் வரும் ஊர்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் மூலம் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதி, பவுசர் வரும் நாளையும் நேரத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சாக வாங்கிய நேரம் சாரதி மாறினால் மாறிவிடும்.

சிறுபோகக் கூட்டங்கள் வழமையாகக் காலபோக அறுவடை முடிகின்ற காலத்தில் நடக்கும். திகதியைக் கமநல சேவை நிலைய அறிவித்தற் பலகையில் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். போகும்போது தேசிய அடையாள அட்டை, அனுமதிப்பத்திரத்தின் பிரதி, சந்தாப் பற்றுச்சீட்டு மூன்றையும் ஒரு பொலித்தீன் உறைக்குள் போட்டுக் கொண்டுபோங்கள். பற்றுச்சீட்டை மட்டும் தவறவிடாதீர்கள். நிர்வாகம் மாறும்போது பட்டியல்களும் மாறுவதுண்டு.